அந்துப்பூச்சிகளுக்கு ஒரு கம்ப்யூட்டர்

பிப்ரவரி 4

அன்புள்ள மைத்துனிக்கு,

இந்தக் கடிதத்தில் உள்ளவை:

1. உன் கம்ப்யூட்டர் ஏன் திணறுகிறது
2. ரேம்
3. ஹார்ட் டிஸ்க்கும் எஸ்.எஸ்.டி.யும்
4. பிராசஸர்
5. கிராபிக்ஸ் கார்டு
6. திரை
7. நான் சொல்வது தவறாக இருக்கக்கூடிய இடங்கள்

ஏழாவதைத்தான் முதலில் எழுதினேன். அது மற்ற ஆறையும் விட நீளமாகிவிட்டதால் கிழித்துப் போட்டுவிட்டேன். நேர்மைக்காகத் தலைப்பை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன். நூலகத்தில் அட்டவணை தயாரித்தே ஓய்வு பெற்றவனுக்கு எண் போடாமல் எழுத வராது. பொறுத்துக்கொள்.

முதலாவது. நீ ஒரு அந்துப்பூச்சியை ஒரே படமாக எடுப்பதில்லை. தலையில் தொடங்கி இறக்கை நுனிவரை கேமராவின் ஃபோகஸை இம்மி இம்மியாக நகர்த்தி, இருபது முப்பது படம் எடுத்து, எல்லாவற்றையும் ஒன்றாக அடுக்கிச் சேர்க்கிறாய். சேர்க்கச் சொன்னதும் திரையில் சக்கரம் சுற்றுகிறது, டீ போட்டுக் குடித்து டம்ளரையும் கழுவி வைத்துவிட்டு வந்தாலும் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்று எழுதியிருந்தாய். குற்றம் மென்பொருளுடையது அல்ல என்று நினைக்கிறேன். அது கேட்பதைக் கொடுக்க உன் பழைய கம்ப்யூட்டரிடம் சரக்கு இல்லாமல் இருக்கலாம். மார்ச் பாதிக்குள் படங்கள் போய்ச் சேராவிட்டால் பதிப்பாளர் உன் அந்துப்பூச்சி அடையாளப் புத்தகத்தையே கைவிட்டுவிடுவார் என்கிறாய். அடுக்குமாடியின் படிக்கட்டுச் சுவர்களில் இத்தனை வருடம் காலை காலையாகத் தேடிப் பிடித்த பூச்சிகள் ஒரு சக்கரத்தில் சிக்கிக்கொள்வது நியாயமில்லை.

இரண்டாவது. ரேம் என்பது வாசிப்பு மேசை. ஹார்ட் டிஸ்க் என்பது கீழ்த்தளத்துக் கிடங்கு. மேசை சிறியதாக இருந்தால், புதுப் புத்தகத்தை வைக்க ஒவ்வொரு முறையும் ஒன்றைக் கிடங்குக்கு அனுப்பி இன்னொன்றை வரவழைக்க வேண்டும். உன்னுடைய சக்கரம் அந்த ஏற்ற இறக்கம்தான். இப்போது உன்னிடம் எட்டு ஜி.பி. இருக்கிறது. சாதாரணப் படங்களுக்குப் பதினாறு போதும். நீ அடுக்கிச் சேர்ப்பதற்கு முப்பத்திரண்டு தேவைப்படலாம். ஒரே துண்டாக வாங்காமல் இரண்டு பதினாறாக வாங்கினால் வேகம் கூடுதலாக இருக்கலாம்.

மூன்றாவது. மேசை எவ்வளவு பெரிதானாலும் ஒருநாள் நிறையும். அப்போது மென்பொருள் கிடங்கைத் தேடி ஓடத்தான் செய்யும். அதனால் கிடங்கு பக்கத்து அறையில் இருக்க வேண்டும். எஸ்.எஸ்.டி. என்பது அந்தப் பக்கத்து அறைக் கிடங்கு. மென்பொருளையும், வேலை நடக்கும் படங்களையும் எஸ்.எஸ்.டி.யில் வை. முடிந்த படங்களைப் பழைய ஹார்ட் டிஸ்க்கில் போடு. அவற்றுக்கு இன்னொரு நகல் வேறொரு அலமாரியில் இருக்கட்டும். நான் மிகையாகப் பயப்படுகிறவனாக இருக்கலாம். ஆனால் டிஸ்க்குகள் சொல்லிக்கொண்டு போவதில்லை.

நான்காவது. பிராசஸரில் எத்தனை கைகள், அதாவது கோர்கள், என்பதைவிட ஒவ்வொரு கையும் எவ்வளவு சுறுசுறுப்பு என்பது முக்கியமாக இருக்கலாம். பதினாறு பேர் இருக்கும் அலுவலகத்தில் ஒருவர் வேலை செய்ய, மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பதை நான் நேரில் கண்டிருக்கிறேன்.

ஐந்தாவது. கிராபிக்ஸ் கார்டில் கடைக்காரர் மிகப் பெரியதைத்தான் காட்டுவார். அது விளையாட்டுக்காரர்களுக்கு. எட்டு ஜி.பி. நினைவகம் உள்ள நடுத்தரக் கார்டு உனக்குப் போதுமானதாக இருக்கலாம்.

ஆறாவது. திரை. நிறம் மாறாமல் காட்டும் திரையாக வாங்கு. திரையின்மேல் தொங்கவிட்டு நிறத்தை அளக்கும் சிறு கருவியையும் சேர்த்து வாங்கு. படத்தில் நிறம் தவறாகத் தெரிந்தால் திரையைச் சந்தேகி. உன் கண்ணைச் சந்தேகிக்காதே. இத்தனை வருடம் பூச்சி பார்த்த கண் அது.

இங்கே உன் அக்கா நலம். எழுதும்போது தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, "அவளுக்கா? எழுதுங்க, எழுதுங்க. எனக்கென்ன. கண்ணுக்குக் கீழ இருக்கிற கோட்டையெல்லாம் அழிக்கிறதுக்கு நல்ல மெஷினாப் பாத்து வாங்கச் சொல்லுங்க" என்றாள். மற்றதை நீயே புரிந்துகொள்வாய்.

அன்புடன்,
அத்தான்

&nbsp;

பிப்ரவரி 15

அத்தான்,

'மைத்துனி' என்று எழுதுகிற ஆள் இந்தக் காலத்தில் நீங்கள் ஒருவர்தான். மச்சினி என்று எழுதப் பேனாவுக்குக் கூச்சமா?

போனில் கேட்காமல் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நினைத்திருப்பீர்கள். போனில் நீங்கள் "ம்... பாக்கலாம்..." என்பதோடு சரி. காகிதத்தில்தான் உங்களுக்கு வாய் திறக்கிறது. அதோடு, போனை அக்கா எடுப்பாள். அவள் பிறந்தநாள் படத்தில் நான் இரண்டு கோட்டையும் ஒரு மருவையும் அழித்தது கொலைக்குற்றமா? பாசத்தில் செய்தேன். "என் மூஞ்சில என்ன குறை கண்டே?" என்று அன்றைக்கு வைத்த போன்தான். நானாக எடுக்கப் போவதில்லை.

உங்கள் கடிதத்தை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன்.

"என்னம்மா, பேரனுக்கு கேம் விளையாடவா?"

"எனக்குத்தான். பூச்சிக்கு."

"வைரஸா? அதுக்கு எதுக்கும்மா புதுசு, நானே க்ளீன் பண்ணித் தர்றேன்."

புரிய வைப்பதற்குள் எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. பிறகு ஒரு பெட்டியைக் காட்டினார். பக்கம் முழுக்கக் கண்ணாடி. "உள்ள கலர் கலரா லைட் எரியும்மா. இதோட விலையிலயே வருது."

"லைட் எரிஞ்சா பூச்சி தானா வரும், எனக்கு அலைச்சல் மிச்சம். ஆனா வேணாம்" என்றேன்.

முப்பத்திரண்டு ஜி.பி. கேட்டதும் சிரித்தார். "பதினாறே உங்களுக்கு ஜாஸ்தி." உங்கள் கடிதத்தை நீட்டினேன். நின்றுகொண்டே முழுவதையும் படித்தார்.

"யாரும்மா இவரு? வாத்தியாரா?"

"அக்கா வீட்டுக்காரர்."

"இருக்கலாம் இருக்கலாம்னே எழுதியிருக்காரு. ஆனா சரியாத்தான் இருக்கு."

அதன்பின் வாதாடவில்லை. இரண்டு பதினாறு, எஸ்.எஸ்.டி., நடுத்தரக் கார்டு, எல்லாம் உங்கள் வரிசைப்படியே. திரையும் அளக்கும் கருவியும்கூட வாங்கிவிட்டேன், ஏனென்றால் கொஞ்ச நாளாகவே பழைய திரையில் எல்லாப் படமும் பழுப்படித்த மாதிரி தெரிகிறது.

வீட்டுக்கு வந்து முதல் பூச்சியை அடுக்கினேன். டீக்குத் தண்ணீர் வைத்துவிட்டுத் திரும்பினால் படம் தயாராக இருக்கிறது. டீ குடிக்கவே நேரமில்லாமல் செய்துவிட்டீர்கள்.

ஒரே ஒரு குறை. கருவி 'சரி' என்று சொன்ன பிறகும் புதுத் திரை எனக்குக் கொஞ்சம் மஞ்சளாகத்தான் தெரிகிறது. இந்தப் பூச்சிகளின் நிறம் எனக்கு மனப்பாடம். நீங்கள் சொன்ன மாதிரி கண்ணை நம்பி, ஒவ்வொரு படத்திலும் மஞ்சளைக் குறைத்துக்கொண்டு வருகிறேன்.

அச்சகம் உங்கள் ஊரில்தான். மாதிரித் தாள்களை உங்களுக்கும் ஒரு பிரதி அனுப்பச் சொல்லியிருக்கிறேன். எழுத்துப்பிழை பாருங்கள்.

பூச்சியம்மா
(இந்தக் குடியிருப்பில் இப்போது இதுதான் என் பெயர்)

&nbsp;

மார்ச் 9

அன்புள்ள மைத்துனிக்கு,

மாதிரித் தாள்கள் வந்தன. வலது கண்ணில் புரை எடுத்து மூன்று வாரம் ஆவதால், படிக்க வழக்கத்தைவிட நேரம் பிடித்தது. இடது கண்ணுக்கு இனிமேல்தான்.

எழுத்துப்பிழை ஐந்து. தனித்தாளில் குறித்திருக்கிறேன். முப்பத்தெட்டாம் பக்கத்திலும் முப்பத்தொன்பதாம் பக்கத்திலும் உள்ள இரண்டு பூச்சிகளும் ஒரே அச்சாக இருக்கின்றன. ஒன்றுக்கு இறக்கை வெளிர் மஞ்சள், மற்றதற்கு வெள்ளை, அது ஒன்றுதான் வித்தியாசம் என்று நீ எழுதியிருப்பது மிகவும் பயனுள்ளது.

படங்கள் அருமை. ஒவ்வொரு மயிரும் எண்ணும்படி இருக்கிறது.

இங்கே ஒரு வரி எழுதி அடித்துவிட்டேன். பொருட்படுத்தாதே.

அன்புடன்,
அத்தான்

&nbsp;

மார்ச் 14

அத்தான்,

பொருட்படுத்தாதே என்று எழுதினால் யார் பொருட்படுத்தாமல் இருப்பார்கள்? ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன். 'நீல' என்று தொடங்குவது மட்டும் தெரிகிறது. மீதியை உழுது வைத்திருக்கிறீர்கள். என்ன நீலம்? எது நீலம்?

போன வாரம் போன் அடித்து, நான் எடுத்ததும் வைத்தது நீங்கள்தானே? மூச்சு விடுவதிலேயே தெரிந்தது.

படங்கள் எல்லாம் அச்சகத்துக்குப் போய்விட்டன. இருபதாம் தேதி இயந்திரத்தில் ஏற்றுகிறார்கள். பதிப்பாளர் வாழ்த்துச் சொன்னார். நான் இரண்டு நாளாகத் தரையில் நடக்கவில்லை.

மச்சினி

&nbsp;

மார்ச் 19

அன்புள்ள மைத்துனிக்கு,

நீ கோபப்படுவாய். அதனால் வரிசை போடாமல் நேரே சொல்லிவிடுகிறேன். நேற்று நான் அச்சகத்துக்குப் போய், உன் புத்தகத்தை இயந்திரத்தில் ஏற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் செய்தேன்.

காரணம் அந்த அடித்த வரி. 'நீலமாகத் தெரிகின்றன' என்று எழுதியிருந்தேன். முப்பத்தெட்டாம் பக்கத்துப் பூச்சிக்கு 'இறக்கை வெளிர் மஞ்சள்' என்று நீ எழுதியிருக்கிறாய். படத்தில் அது பாலில் நீலம் கலந்த மாதிரி இருக்கிறது. ஆனால் புரை எடுத்த கண்ணுக்கு எல்லாமே சற்று நீலமாகத் தெரியும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். வலது கண்ணை மூடி இடதால் பார்த்தேன். படம் சரியாக இருந்தது. இடதை மூடி வலதால் பார்த்தேன். நீலம். எந்தக் கண் உண்மை சொல்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. என் கண்ணைத்தான் குறை சொல்லிக்கொண்டேன். வரியை அடித்தேன்.

'என்ன நீலம்?' என்று கேட்டு உன் கடிதம் வந்த பிறகு தூக்கம் போய்விட்டது. திங்களன்று எங்கள் மாடிப்படி விளக்கின் மூடிக்குள் இதே பூச்சி ஒன்று செத்துக் கிடப்பதைப் பார்த்தேன். நீ தந்த அடையாளங்களோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தேன், அதேதான். அதைத் தாளின்மேல், படத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். எந்தக் கண்ணால் பார்த்தாலும் பூச்சியையும் படத்தையும் அந்த ஒரே கண்தானே பார்க்கிறது? வலதால் பார்த்தாலும் இடதால் பார்த்தாலும் பூச்சி மஞ்சள், படம் அதைவிட நீலம்.

அப்போதும் நம்பவில்லை. உன் அக்காவைக் கூப்பிட்டேன். யாருடைய படம் என்று சொல்லவில்லை. ஒரு நொடிகூட யோசிக்கவில்லை அவள்.

"இது பூச்சி. அது பூச்சி குளிர்ல வெறைச்சுப் போன மாதிரி இருக்கு. யார் எடுத்தது இத?"

தாளில் இருந்த உன் பெயரை விரலால் மறைத்தேன்.

"அவளா? அவ கலர்ல கோட்டை விடமாட்டாளே. புடவைக் கடையில ரெண்டு மஞ்சளுக்கு நடுவுல மூணாவது மஞ்சள் கேக்கிறவளாச்சே." தாளை ஜன்னலருகே கொண்டுபோய் எல்லாப் பக்கத்தையும் புரட்டினாள். "உங்களுக்கு வந்த மாதிரியேதான் அவளுக்கும் வந்திருக்கு. கண்ணைக் காட்டச் சொல்லுங்க."

அச்சகத்தில் மேற்பார்வையாளரிடம் பேச எனக்கு நாக்கு எழவில்லை. ஒருவழியாகச் சொன்னதும் அவர், "எங்களுக்கும் நீலமாத்தான் சார் தெரிஞ்சுது. ஆனா அந்தப் பூச்சி நெசமா என்ன கலர்ல இருக்கும்னு எங்களுக்கு எப்படித் தெரியும்? அம்மா அனுப்புனத அப்படியே போடுறதுதான எங்க வேலை" என்றார். உன் வீட்டார் என்ற உரிமையில் நிறுத்தச் சொல்வதாக எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

நான் தவறு செய்திருக்கலாம். தவறென்றால் புத்தகம் போய்விடும் என்பதும் தெரியும். ஆனாலும் மஞ்சளும் வெள்ளையும் ஒன்றாகத் தெரிகிற புத்தகத்தை வைத்துக்கொண்டு யாரும் எந்தப் பூச்சியையும் கண்டுபிடிக்க முடியாது.

அத்தான்

&nbsp;

மார்ச் 22

என் புத்தகத்தை நிறுத்த நீங்கள் யார்?

பதிப்பாளர் போனில் கத்தினார். எனக்கு ஒதுக்கிய இடத்தில் வேறு யாருடைய பள்ளிப் பாடநூலோ ஓடுகிறதாம். ஏப்ரல் கடைசியில் இன்னொரு இடம் இருக்கிறது, அதற்கும் படம் வராவிட்டால் என்னை மறந்துவிடுங்கள் என்றார்.

இருபது வருடமாக ஒரு டீக்கடையில் சர்க்கரை குறைவு என்று சொல்ல வாய் வராதவர் நீங்கள். அந்த வாய் என் விஷயத்தில் மட்டும் எப்படித் திறந்தது? போன் பண்ணி ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? கண்ணில் கத்தி வைத்துக்கொண்டது நீங்கள். பார்வை கெட்டது எனக்கா?

உங்கள் ஆறாவது குறிப்பு என் மேசைமேல்தான் இருக்கிறது. 'உன் கண்ணைச் சந்தேகிக்காதே.' நான் சந்தேகிக்கவில்லை. நீங்கள்தான் சந்தேகிக்கிறீர்கள்.

இதற்குப் பதில் வேண்டாம்.

&nbsp;

மார்ச் 26

அன்புள்ள மைத்துனிக்கு,

பதில் வேண்டாம் என்றாய். இது பதில் அல்ல, தகவல்.

உன் கடிதத்தை உன் அக்கா படித்தாள். நான் கொடுக்கவில்லை, எடுத்துக்கொண்டாள். பெட்டியை எடுத்துத் துணி அடுக்கினாள். எங்கே என்றேன். "கண் டாக்டர்கிட்ட அவ தனியாப் போகமாட்டா. சின்ன வயசுல ஊசிக்கே பீரோவுக்குப் பின்னாடி ஒளிஞ்சவ" என்றாள். பேசுவதில்லையே என்றேன். "பேசப் போகல. இழுத்துட்டுப் போகப் போறேன்" என்றாள்.

இக்கடிதம் சேருமுன் அவள் வந்து சேர்ந்திருப்பாள். என்னால் தடுக்க முடியவில்லை. முயன்றேன் என்று சொன்னால் அது பொய்.

அத்தான்

&nbsp;

ஏப்ரல் 20

அத்தான்,

எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. உங்கள் வழியில் போகிறேன்.

1. இரண்டு கண்ணிலும் புரை. மருத்துவர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "இந்த மஞ்சள் கண்ணாடிய எத்தன வருஷமாப் போட்டுட்டு இருக்கீங்க?" என்றார். நான் கண்ணாடியே போடுவதில்லை. புரை வழியாகப் பார்த்தால் எல்லாம் மஞ்சளாகத்தான் தெரியுமாம்.

2. வலது கண்ணுக்கு ஆகிவிட்டது. கட்டை அவிழ்த்த அன்று வீட்டுக்கு வந்து மாடிப்படி ஏறினேன். சுவர் வெள்ளையாக இருந்தது. எப்போது வெள்ளையடித்தார்கள் என்று அக்காவைக் கேட்டேன். அவளுக்கு எப்படித் தெரியும்? எதிர்வீட்டுக்காரர் சொன்னார், அடித்து ஐந்து வருடமாகிறதாம்.

3. மாதிரித் தாளைப் பிரித்துப் பார்த்தேன். அத்தனை பூச்சியும் மார்ச்சுவரியில் கிடத்தினது போல இருந்தன. இதையா உலகத்துக்குக் கொடுக்க இருந்தேன்? மேசைமேல் தலை வைத்து அழுதேன். அக்கா வந்து, "அழாதேடி, கண்ணுல சொட்டு மருந்து விட்டிருக்கு, வீணாப் போவுது" என்றாள். பேசமாட்டேன் என்று வந்தவள். இப்போது நிறுத்தமாட்டேன் என்கிறாள்.

4. அதன்பின் வேலை. நூற்றுப் பதினேழு படமும் முதலிலிருந்து. பழைய கம்ப்யூட்டராக இருந்தால் இதை நினைத்துக்கூடப் பார்த்திருக்க மாட்டேன், அடுத்த வருடம்தான் முடிந்திருக்கும். இப்போது அடுக்கிச் சேர்க்கச் சொல்லிவிட்டு அக்கா ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் படம் வந்துவிடுகிறது. அவள் வாக்கியங்கள் எவ்வளவு நீளம் என்று உங்களுக்குத் தெரியும், ஆனாலும். கண்ணுக்கு ஓய்வு கொடுக்கும் நேரத்தில் அவளே உட்கார்ந்து பார்க்கிறாள். "இதுக்கு இன்னும் கொஞ்சம் மஞ்சள் போடு. போதும் போதும், நோய் வந்தவ மாதிரி ஆயிடும்." என்னைவிட அதிகாரம் அவளுக்கு.

நேற்று எல்லாவற்றையும் அனுப்பிவிட்டேன். நேரத்துக்குள்.

மார்ச் 22 அன்று எழுதியதற்கு என்ன சொல்வது? டீக்கடை விஷயத்தை மட்டும் திரும்பப் பெறவில்லை. அது உண்மை. மற்றதெல்லாம் திரும்பப் பெறுகிறேன்.

மச்சினி

பி.கு. அக்கா இன்னும் இரண்டு வாரம் இருப்பாளாம். அரிசி டப்பாவுக்குப் பின்னால் உங்கள் மாத்திரை இருக்கிறதாம், மறந்திருப்பீர்கள் என்றாள்.

&nbsp;

ஏப்ரல் 29

அன்புள்ள மச்சினிக்கு,

அச்சகத்திலிருந்து இப்போதுதான் வந்தேன். உன் புத்தகம் இயந்திரத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. அழைப்பில்லாமல்தான் போனேன். மேற்பார்வையாளர் என்னைக் கண்டதும், "இன்னிக்கும் நிறுத்தவா சார்?" என்றார். இல்லை, பார்க்க மட்டும் என்றேன். மை காயாத தாள் ஒன்றை உருவி நீட்டினார். முப்பத்தெட்டும் முப்பத்தொன்பதும் அடுத்தடுத்து இருந்தன. ஒன்று மஞ்சள், ஒன்று வெள்ளை. கண்களை மாற்றி மாற்றி மூடித் திறந்து பார்த்தேன். நான் யாருக்கோ கண்ணடிப்பதாக எண்ணி அங்கிருந்த பெண் திரும்பிக்கொண்டாள். விளக்கம் சொல்லத் துணிவில்லாமல் வந்துவிட்டேன்.

நான் தயாரிக்கும் எதற்கும் பிழைத்திருத்தம் சேர்ப்பது வழக்கம். என் முதல் கடிதத்துக்கு அதைச் சேர்க்க வேண்டியிருக்கிறது. அந்தக் கடிதத்தை நீ யாருக்கோ கொடுக்கப்போவதாக உன் அக்கா போனில் சொன்னாள். கொடுக்குமுன் திருத்திவிடு.

ரேம் பற்றிச் சொன்னது நிற்கிறது. எஸ்.எஸ்.டி., பிராசஸர், கார்டு மூன்றும், உன் வேகத்தைப் பார்த்தால், நிற்கின்றன.

ஆறாவது தவறு. நல்ல திரை, அளக்கும் கருவி இரண்டும் வேண்டியவைதான். ஆனால் நிறம் தவறாகத் தெரிந்தால் திரையைச் சந்தேகி, கண்ணைச் சந்தேகிக்காதே என்று எழுதினேன். அந்த வாக்கியத்தை நம்பித்தான் நீ ஒவ்வொரு படத்திலும் மஞ்சளை எடுத்தாய். கருவி சரி என்று சொன்ன பிறகும் மஞ்சளாகத் தெரிகிறதென்றால் கண் மருத்துவரிடம் போக வேண்டும் என்று அங்கே இருந்திருக்க வேண்டும்.

என்னிடமுள்ள நகலை எடுத்துப் படித்துப் பார்த்தேன். முதல் ஐந்து குறிப்புகளிலும் எங்காவது ஒரு 'லாம்' இருக்கிறது. ஆறாவதில் இல்லை. அது ஒன்றைத்தான் நிச்சயமாக எழுதியிருந்தேன்.

அன்புடன்,
அத்தான்